காலிக் குடியிருப்பு

ஆள் வசிக்கும் தெருவுக்குக் குடிநீர் லாரி வந்தாக வேண்டும் என்பது விதி. மனு எழுதிக் கொடுப்பவன் நான்; எண்ணூரில், மூடிப்போன ஆலையின் ஊழியர் குடியிருப்பில் நிற்கிறேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடங்களில் கணுக்கால் அளவுக்கு நிலக்கரிச் சாம்பல். கடைசி வீட்டில் மட்டும் துணி காய்கிறது. அங்கிருந்து குடத்தோடு அஞ்சலையம்மா வெளியே வருகிறார்.

“ஏரியா காலின்னு லாரியே வர்றதில்ல நைனா. அப்போ நான் இன்னா, பேயா?”

“நீங்க இங்கே இருக்கீங்கன்னு மனு போடணும்மா.”

“நான் கீறேன்னு நானே மனு போடணுமா? சரி, எழுது.”

மடியில் வைத்தே எழுதித் தருகிறேன்.

‘மேற்படி முகவரியில் எவரும் வசிக்கவில்லை’ என்று சில வாரங்களில் குடிநீர் வாரியத்திலிருந்து அதே முகவரிக்குப் பதிவுத் தபாலில் பதில் வருகிறது. அஞ்சலையம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். அன்று போகிப் பண்டிகை; எரிக்கக் கையில் ஒரு தாள் இருக்கிறது.