விளாத்திகுளம் பூஜ்ஜியம்

காலை எட்டரை மணிக்கு என் ஜெராக்ஸ் கடைக்கு யார் வந்தாலும் ஐந்து நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். கடைக்கு மேலே மொட்டை மாடியில் என் மழைமானி இருக்கிறது. படியேறிப் போய், குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, கொட்டிக் கவிழ்த்துவிட்டு, மழை அளக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பதிவு போட்ட பிறகுதான் மற்ற வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் ஒரு சொட்டும் இருக்காது. இருந்தாலும் ஏறுவேன். ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், "மழையே இல்லாத ஊர்ல என்னத்தக்கா அளக்குதீங்க?" என்பார்கள். இல்லாவிட்டால் இல்லை என்றும் ஒருத்தர் எழுத வேண்டுமே என்பேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் குழுவில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்தான் பேர். நான் கோவில்பட்டி. ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருத்தர் மணியாச்சி. உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருத்தர் குளத்தூர். "மணியாச்சிக்கு உடம்பு சரியில்லையாம்", "குளத்தூர் மக கல்யாணத்துக்கு யாரெல்லாம் போறீங்க?" என்றுதான் பேச்சு. வெளியாள் கேட்டால் சிரிப்பான். விதிகள் இரண்டுதான். எட்டரைக்குப் போட வேண்டும். மானியில் அளந்ததை மட்டுமே போட வேண்டும். "லேசா தூறுச்சு", "நல்ல மழை" என்றெல்லாம் யாராவது எழுதினால் நான் சும்மா விடமாட்டேன். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு உயிரை வாங்கிவிடுவேன். அதனால் எனக்கு 'எட்டரை' என்று இன்னொரு பேரும் உண்டு. என் காது கேட்கச் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததற்கு மணியாச்சிதான் காரணம். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பெய்தால் அது நாலாயிரம் லிட்டர் தண்ணீர் என்று அவர்தான் ஒரு நாள் சொன்னார். நான் நம்பாமல் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் லாரி வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும். செருப்பு நனையாத ஒரு தூறலில் அப்படி எத்தனை லாரி தண்ணீர் மோட்டாரும் குழாயும் இல்லாமல் வந்து இறங்கிவிட்டுப் போகிறது! அன்றைக்கு மாடியில் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பிரமிப்பு எனக்கு இன்னும் தெளியவில்லை.

குழுவில் எனக்கு ரொம்ப நெருக்கம் விளாத்திகுளம். என்னைவிட இளையவள், விவசாயக்காரி. புருஷனும் அவளுமாகக் குத்தகைக்குக் காடு வாங்கி உளுந்து போடுகிறார்கள். எங்கள் பக்கம் காடு என்றால் மரம் நிற்கிற காடு இல்லை. மழையை நம்பி உழுகிற கரிசல் நிலம். கரிசலில் மழைக்கு முன்னாலேயே விதைத்துவிடுவார்கள். காய்ந்த புழுதிக்குள் விதையைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நல்ல மழை விழுந்தால் முளைத்து நின்றுவிடும். மழையே இல்லாவிட்டாலும் விதை கொஞ்ச நாள் சும்மா கிடக்கும். அரைகுறை மழைதான் ஆபத்து. விதை நனைந்து கண் விழித்த பிறகு பின்மழை வராவிட்டால் அவ்வளவும் மண்ணுக்குள்ளேயே கருகிப்போகும். போன வருஷம் அவளுக்கு அப்படித்தான் ஆயிற்று.

இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலையில் அவள் போட்டாள்: "விளாத்திகுளம் மூணு." மற்ற ஊரெல்லாம் பூஜ்ஜியம். வழக்கமாக யாருக்கு மழை விழுந்தாலும் கைதட்டல் படமாக வந்து குவியும். அன்றைக்கு ஒருவரும் தட்டவில்லை. அவள் விதைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். மூன்று மில்லிமீட்டர் என்பது விதையை எழுப்பிவிட்டுப் போய்விடுகிற மழை.

மத்தியானம் போனில் கூப்பிட்டாள். காட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். மேல்மண் நனைந்திருக்கிறது.

"ரெண்டு மூணு நாளுக்குள்ள பெய்யணும்க்கா. இல்லாட்டி முடிஞ்சுது. வீட்ல மறுவிதைப்புக்கு ஒரு படி விதை கெடையாது" என்றாள். "எங்க வீட்டுக்காரரு திருப்பூருக்குப் போயிருக்காவ. கொழுந்தன் எங்க ரெண்டு பேருக்கும் பனியன் கம்பெனில வேலை பாத்து வச்சிருக்காரு. மழை பெஞ்சா அவிய இங்கன வருவாவ. பெய்யலன்னா திங்கக்கிழம நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அங்க போயிரணும். அதான் பேச்சு."

"காட்ட?"

"விட்டுற வேண்டியதுதான். இன்னொரு வருசம் தாங்காதுக்கா."

அதற்கப்புறம் எங்கள் குழு முழுக்க ஒரே காட்டின் மேல் கண்ணாக இருந்தது. வியாழன் பூஜ்ஜியம். வெள்ளி பூஜ்ஜியம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் புழுக்கம் தாங்கவில்லை. நாலு மணிக்கு மணியாச்சி எழுதினார்: "மேக்க கறுத்துக்கிட்டு வருது. இங்கன காத்து ஆளத் தூக்குது." ஐந்தே கால் மணிக்கு எங்கள் ஊரில் இடித்தது. மழை எப்போதுமே ஆகாத ஆள் குளத்தூர். உப்பளத்துக்கு மழை என்றால் நஷ்டம். பூஜ்ஜியம் போடுகிற அன்றெல்லாம் லட்டு படம் போட்டு எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவர். அவர் அன்றைக்கு எழுதியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க உப்பு அம்பாரத்த இன்னும் மூடல. இருந்தாலும் பரவால்ல. விளாத்திகுளத்துல பெய்யட்டும்."

ஞாயிற்றுக்கிழமை எட்டரை. கோவில்பட்டி ஒன்பது. மணியாச்சி இருபத்திரண்டு. குளத்தூர் பூஜ்ஜியம், லட்டு இல்லாமல். கடைசியாக அவள் பதிவு வந்தது.

"விளாத்திகுளம் பூஜ்ஜியம்."

நான் மாடியிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன்.

"இடி இடின்னு இடிச்சுதுக்கா. நாலு சொட்டு விழுந்துச்சு, வாசல்கூட நனையல" என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு டிசி கேக்கணும்."

"காட்டுக்குப் போய்ப் பாத்தியா?"

"என்னத்தப் பாக்க? மானியில பூஜ்ஜியம்னா பூஜ்ஜியம்தானக்கா. போன வருசம் பாத்ததே போதும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மானி சொன்னதற்கு மேல் எங்களுக்கு வேறு பேச்சு ஏது? கடையைத் திறக்க மனசில்லை. அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாவது வரலாம் என்று பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எட்டயபுரம் தாண்டியும் இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். காய்ந்தால் கரிசலுக்குக் கறுப்பு இருக்காது, சாம்பல் நிறமாக வெளிறிப்போகும். அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். திடீரென்று நிறம் மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. துணியில் மை கொட்டின மாதிரி ஒரு ஓரத்திலிருந்து அந்தப் பக்கம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. உழவுச் சால்களில் தண்ணீர் கட்டி நின்று வெயிலில் மின்னியது. ஒரு பனைமரத்தின் இந்தப் பக்கம் புழுதி, அந்தப் பக்கம் சேறு. ரோட்டோரத்தில் ஆடு ஒன்று குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னக்கா, எறங்கணுமா?" என்றார் கண்டக்டர்.

"மழ!" என்றேன். "இங்கன மழ பெஞ்சிருக்கு!"

"ஆமா, நேத்து பேஞ்சுதுன்னாவ" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். நான் உட்காரவே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒற்றைக் காற்றாடி ஒன்று நின்றது; மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடி. அதைக் கடந்த உடனேயோ, கடப்பதற்கு முன்னாலேயோ, மறுபடியும் மண் வெளிறிவிட்டது. அங்கிருந்து விளாத்திகுளம் வரை புழுதிதான். அவ்வளவு பெரிய வானத்திலிருந்து ஒரு கீற்று மட்டும் இறங்கி, பக்கத்தில் யாரையும் தொடாமல் போயிருக்கிறது. இத்தனை வருஷம் இதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

வீட்டில் அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்று கேட்டேன்.

"ஏட்டி, உன் காடு எங்கன இருக்கு?"

இரண்டு வருஷமாக அவள் வீட்டு மழையை மில்லிமீட்டர் சுத்தமாக அறிந்தவள் நான். அவள் காடு எந்தத் திசையில் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"மேக்க. எட்டயபுரம் ரோட்டுல. ஒத்தக் காத்தாடிக்குப் பக்கம். ஏன்க்கா?"

காற்றாடி நனைந்த பக்கம் நின்றதா, காய்ந்த பக்கம் நின்றதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை. "வா, போய்ப் பாத்துருவோம்" என்றேன். அவள் அசையவில்லை. "வேண்டாம்க்கா. திரும்பத் திரும்பப் பாத்து என்னால முடியாது." எனக்குப் பொறுமை கிடையாது. "வண்டிச் சாவி எங்க? நீ ஓட்டலன்னா நான் ஓட்டுதேன். கீழ போட்டு ஒடைச்சா என்னக் கேக்கக்கூடாது" என்று சொன்ன பிறகுதான் எழுந்து வந்தாள்.

மொபெட்டில் அவள் பின்னால் உட்கார்ந்து போனேன். காற்றாடி தூரத்தில் தெரிந்தது. மண் வெளிறித்தான் கிடந்தது. காற்றாடிக்குக் கீழே வந்தோம். அங்கேயும் வெளிறித்தான் கிடந்தது. அவள் வண்டியை மெதுவாக்கினாள். திரும்பிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் வண்டிப்பாதை பிரிகிற இடம் வந்தது. பாதையில் கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் சுற்றவில்லை. மட்காடுக்குள் கரிசல் அப்பிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது.

அவள் இறங்கி சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் தலையை நிமிர்த்தினாள். எங்களுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை மண் கறுத்துக் கிடந்தது.

"எங்க காடுக்கா" என்றாள். அடுத்த நிமிஷம் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். நானும் போனேன். ஒவ்வொரு அடிக்கும் காலில் மண் அப்பி, கால் தூக்க முடியாத கனமாயிற்று. கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்த பிளவெல்லாம் வாய் மூடியிருந்தன. அவள் மண்டி போட்டுக் கையால் தோண்டினாள். மணிக்கட்டைத் தாண்டியும் ஈரம். பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து உதிர்த்தாள். அதற்குள் ஒரு உளுந்து. ஊதிப்போய், தோல் பிளந்து, வெள்ளையாக முளை விட்டிருந்தது. புதன்கிழமை எழுப்பிவிடப்பட்ட விதை. சாகவில்லை.

"ஒரு உழவுக்கு மேல பெஞ்சிருக்குக்கா" என்றாள். ஏர் இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு; மழை இத்தனை உழவு என்றுதான் அவளுடைய வீட்டில் காலங்காலமாகச் சொல்வார்களாம். குழுவில் என் வாய்க்குப் பயந்து அவள் அதை எழுதியதே இல்லை. எத்தனை மில்லிமீட்டர் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் ஏறியது. வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தவளைகள். சால் சாலாக, பட்டப்பகலில், நூறு ஆயிரம் என்று தொண்டை கிழியக் கத்தின. மாசக்கணக்கில் காய்ந்து வெடித்த மண்ணுக்குள் இத்தனை உயிர் எங்கே கிடந்தது, என்னத்தைத் தின்று கிடந்தது? அவளைக் கட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கையெல்லாம் சேறாக இருந்ததால் நான்தான் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் குழுவைப் படிக்க மட்டும் சேர்ந்திருக்கிற அவள் புருஷன் எடுத்ததுமே, "பாத்தேன் பாத்தேன், குரூப்புல பூஜ்ஜியம்னு போட்டிருந்தியே. டிசி விசயத்தப் பாரு" என்றார். இவள் போனை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, தண்ணீர் நிற்கிற சாலுக்கு மேலே பிடித்தாள்.

அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏட்டி, தவளையா?" என்றார். "எங்கன நிக்க?"

"நம்ம காட்டுல."

"அப்ப பூஜ்ஜியம்னு போட்டிருக்க?"

"அது வீட்டுக் கணக்கு" என்றாள். "காட்டுல பெஞ்சத நீங்க வந்து அளந்துக்கிடுங்க."