மாப்பிள்ளை வண்டியின் இருமல்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கடைத்தெருவில் அசல்காரர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் ஷோரூமில் விற்பனையாளர். வாயைத் திறந்தால் அசல்தான். அசல் இரும்பு, அசல் செயின், அசல் பெயிண்ட். டீக்கடையில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது அசல் தூளா?" என்று கேட்டு, கடைக்காரர் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தது தனிக்கதை.

அவர் விற்றது எல்லாருக்கும் தெரிந்த பழைய கம்பெனி வண்டி. தெருவின் எதிர்ப்பக்கத்தில், கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் சின்ன வண்டிகளுக்கு ஒரு கடை வந்தபோது, அசல்காரருக்குப் புது உற்சாகம் பிறந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் சிலருக்கு வேலை நன்றாக ஓடும். அதே அளவு எஞ்சின், அதே சாயல், பாதி விலை. ஜனங்கள் முதலில் அங்கே போய் ஆசைப்பட்டுவிட்டு, அப்புறம் இங்கே வந்து சந்தேகம் கேட்பார்கள்.

அசல்காரர் அவசரப்பட மாட்டார். வண்டியின் டேங்கை விரல் முட்டியால் தட்டுவார். "கேட்டீங்களா? இப்ப எதிர்க்கடையில போய்த் தட்டிப் பாருங்க. தகர டப்பா!" அப்புறம் வேட்டைக்காரர் தடம் பார்ப்பதுபோலக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்புரேட்டரைக் காட்டுவார். "அவங்க வண்டியில இந்த இடத்துல சின்னதா ஒரு நட்சத்திரம் பொறிச்சிருக்கும். அதைப் பார்த்தா நிக்காதீங்க, ஓடிடுங்க."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. எதிர்க்கடை வண்டியின் பளபளப்பு ஒரு மழைக்காலம் தாண்டாது என்பது உண்மை. திருகாணி வழுக்கும், விற்கப் போனால் எவரும் சீந்த மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாதி விலை வண்டி இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க நடந்தே போயிருக்கக்கூடிய பேர் எத்தனையோ. அது அசல்காரருக்கும் தெரியும். தெரிந்த பாதியைச் சொல்லி, மீதிப் பாதியை விழுங்கிவிடுவார். விற்பனை வேலையில் அது பழகிப்போன விஷயம்.

அவருடைய சொந்த வண்டிக்கு இருபது வயதுக்கு மேல். அதைத் துடைப்பதற்கென்று தனியாக ஒரு துணி. "நீங்க அதைத்தான் கட்டிக்கிட்டீங்க, நான் சும்மா வீட்டைப் பார்த்துக்க வந்தவ" என்று மனைவி சொல்வாள். ஆனால் துடைக்கத் தெரியுமே தவிர, அவருக்கு வண்டியைத் திறக்கத் தெரியாது. ஸ்பானரைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்ப்பார். இது ஷோரூமில் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். பூட்டு, சாவிக் கடை வைத்திருந்தார். எதையும் திறந்து பார்க்காமல் விடாத கை. அவர் எதிர்க்கடையில் நட்சத்திர வண்டி வாங்கிய அன்று அசல்காரர் சாப்பிடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். "உங்ககிட்ட கேட்டா வாங்க விடமாட்டீங்க மச்சான், உங்க கடையில கேட்டா வாங்க முடியாது" என்றார் மாப்பிள்ளை.

அன்று ஆரம்பித்த வாய்ச்சண்டை ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது. அசல்காரரும் மனைவியும் மதியச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்குப் போவார்கள். தங்கை தட்டு வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளை ஒன்றும் இளைத்தவர் இல்லை. விலையைச் சொல்வார், மைலேஜைச் சொல்வார். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் வசமாக மாட்டிக்கொள்வார். அவர் வண்டி இருமும். வாங்கி இரண்டு மாதத்திலேயே வந்துவிட்ட இருமல். காலையில் உதைத்தால் நாலு தரம் கக்கிவிட்டு, ஐந்தாவது தரம்தான் உயிர் வரும். தெருமுனையில் அது இருமுவதைக் கேட்டுத்தான் தங்கை கதவைத் திறப்பாள்.

"மாப்ள, உன் வண்டிக்கு ஒரு கஷாயம் வச்சுக் குடு" என்பார் அசல்காரர். "மப்ளர் கட்டி வெளிய எடுத்துட்டுப் போ. பாவம், பனி ஆகாது." எல்லாரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளையும் சிரிப்பார். அந்த இடத்தில் மட்டும் அவர் பதில் சொன்னதே கிடையாது.

அசல்காரர் வண்டியோ நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டிருந்தது. அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதை மாப்பிள்ளை வீட்டில் விட்டிருந்தார். திரும்பி வந்து உதைத்தால், ஒரே உதையில் பூனைபோல முனகியது. "பார்த்தியா? ஓய்வு குடுத்தா அசல் இரும்பு தானே தேறிக்கும்" என்று அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்தார். அந்தக் கதையை எத்தனை வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

இப்படி இருக்கும்போது ஷோரூமுக்கு ஆண்டு விழா வந்தது. முதலாளி அவரைக் கூப்பிட்டு, "உங்க வண்டியைத்தான் வாசல்ல நிறுத்தப்போறோம். கம்பெனி எஞ்சினியர் வந்து பார்த்து, எல்லாப் பாகமும் அசல்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்வார்" என்றார். அசல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சம்பளம் பெரிதாக ஏறாத வேலை, பதவி எதுவும் வராத வேலை. ஊர் நம்புகிற ஒரு பேச்சுதான் அவர் இத்தனை வருஷத்தில் சேர்த்தது. அதற்கு இப்போது முத்திரை விழப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது மாப்பிள்ளை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "எதுக்கு மச்சான் இந்த வேலை? கூட்டத்துல யாராவது கீறிடுவாங்க" என்றார். தங்கை எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். செம்பில் தண்ணீர் நிறையவே இருந்தது.

"பொறாமையா மாப்ள?" என்று கேட்டுச் சிரித்தார் அசல்காரர்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே துடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். எஞ்சினியர் குனிந்து பார்ப்பாரே என்று, வாழ்க்கையில் முதல்முறையாக இடுக்கிலெல்லாம் பிரஷை விட்டார். கார்புரேட்டரின் மறைவான பக்கத்தில் எண்ணெய் அழுக்குக் கெட்டியாகப் படிந்திருந்தது. தேய்த்தார். அழுக்கு உதிர்ந்தது. அடியில் சின்னதாக ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது.

முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு தரம் தேய்த்தார், என்னவோ தேய்த்தால் போய்விடும் என்பதுபோல. அப்புறம் கோபம் வந்தது. ஷோரூம் மெக்கானிக்தான் காரணம்! அசலைக் கழற்றி விற்றுவிட்டு இதை மாட்டிவிட்டான்! இந்த அநியாயத்தைச் சொல்லி அழ ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வண்டியைத் தொடக்கூடப் பிடிக்காமல், நடந்தே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்.

அங்கே வாசலில் நட்சத்திர வண்டி வயிறு திறந்து நின்றது. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு கார்புரேட்டரை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் அதைத் துணியால் மூடப் பார்த்தார். முடியவில்லை. அசல்காரர் அதைப் பார்த்துவிட்டார். பழைய கம்பெனியின் முத்திரை. ஓரத்தில் ஒரு விரிசல், அதன்மேல் காய்ந்துபோன பசை.

"இது..."

"உங்களோடதுதான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "இன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து, ஏதாவது சாக்குச் சொல்லி மாத்திடலாம்னு இருந்தேன்."

தங்கைதான் வெளியே வந்து விஷயத்தை உடைத்தாள். "நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, உனக்குச் சாப்பாடு கொண்டுவர உன் வண்டியைத்தான் எடுத்துட்டு வந்தார் அண்ணா. நிறுத்தியிருந்த இடத்துல ஒரு சரக்கு ஆட்டோ இடிச்சு கார்புரேட்டர் விரிஞ்சிடுச்சு. இவர் உன் ஷோரூமுக்கே போய்க் கேட்டார். இந்த மாடலுக்குச் சாமான் செய்யறதை நிறுத்திட்டோம்னுட்டாங்க. உனக்கு அதிர்ச்சி கொடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்ல? வண்டியில கீறல்னு சொன்னாலே உன் தையல் பிரிஞ்சிருக்கும். அதான், வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத தன் வண்டியில இருந்து கழட்டி உனக்கு மாட்டிட்டு, உன்னோடதைப் பசை போட்டு ஒட்டி இவர் மாட்டிக்கிட்டார்."

"எப்படி சேர்ந்தது?" என்றார் அசல்காரர்.

"உங்க எஞ்சினைப் பார்த்துத்தானே மச்சான் இவங்க செஞ்சிருக்காங்க. அச்சு அசலா சேர்ந்துச்சு."

அசல்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏழு வருஷம். அவர் வண்டி பூனைபோல முனகியது இந்த வீட்டுப் பொருளால். மாப்பிள்ளை வண்டி இருமியது அசல்காரரின் பொருளால். கஷாயம் வைத்துக் கொடு, மப்ளர் கட்டு என்று தட்டின் முன்னால் உட்கார்ந்து கேலி பேசியதெல்லாம் தன்னுடைய அசலைத்தான். அதையும் இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டிருக்கிறான். இப்படி ஒருவன் தன்மேல் பாசம் வைத்திருப்பது தெரியாமல், எங்கெங்கோ போய் மரியாதை தேடினோமே என்று வெட்கமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள? எத்தனை தடவை உன் வாயை அடைச்சேன்!"

மாப்பிள்ளை துணியை மடித்தார். "முதல்ல உடம்பு தேறட்டும்னு இருந்தேன். அப்புறம் நீங்க ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் சொன்னா உங்க முகத்தை எங்க வச்சுப்பீங்க?"

பிறகு அசல்காரர் எழுந்தார். "கிளம்பு. ரெண்டையும் மாத்து."

"அதைத்தான் நானும் சொல்றேன். நாளைக்கு எஞ்சினியர் பார்த்தா சுத்தமா அசலா இருக்கும்."

"எஞ்சினியருக்காக இல்லடா. உன் பொருள் உனக்கு வரணும்."

மறுநாள் ஷோரூம் வாசலில் கூட்டம். அசல்காரர் முதலாளியிடம் காலையிலேயே விஷயத்தைச் சொல்லப் போனார். முதலாளி, "இப்ப வண்டியில இருக்கறது அசல்தானே? அது போதும், பழைய கதையெல்லாம் யாரு கேட்டா?" என்று மாலையைச் சரிபார்க்கப் போய்விட்டார். எஞ்சினியர் குனிந்தார், நிமிர்ந்தார், "எல்லாம் அசல்" என்றார். கைதட்டினார்கள். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றது கூட்டம்.

அசல்காரர் உதைத்தார். வண்டி இருமியது. இன்னொரு உதை, இன்னொரு இருமல். நாலு தரம் கக்கியது. அவர் பேச்சை நம்பிப் போன மாதம் வண்டி வாங்கியவர் முன்வரிசையில் நின்றிருந்தார். "என்ன சார், எதிர்க்கடை வண்டி மாதிரி இருமுது?" என்றார். சிரிப்பலை எழுந்தது.

பின்வரிசையிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் மச்சான்!"

இப்போதும் காப்பாற்றத்தான் பார்க்கிறான். அசல்காரர் ஒரு நிமிஷம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

"பெட்ரோல் நல்லாத்தான் இருக்கு" என்றார் உரக்க. "இது அசல் இருமல் சார். ஏழு வருஷமா இது இருமாம ஓடுனது எதிர்க்கடைப் பொருளால. அதைக் குடுத்தவர் அதோ நிக்கறார், என் தங்கச்சி வீட்டுக்காரர். இருமலைத் தான் வாங்கிக்கிட்டு, என்கிட்ட பேச்சும் வாங்கிக்கிட்டார்." முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அசல்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. விழா ஒரு மாதிரியாகத்தான் முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவரை வாசலுக்குப் பதிலாக உதிரிபாகக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் இருமல் கேட்டது. பழக்கத்தில் கணவர் வருகிறார் என்று தங்கை கதவைத் திறந்தாள். வாசலில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். கணவர் வீட்டுக்குள்ளேதான் இருந்தார். ஒரே உதையில் கிளம்பி வந்து சேர்ந்து, கையைக்கூடக் கழுவிவிட்டார்.

தட்டு போட்டாயிற்று. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. தங்கை குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தானா? அண்ணி அவளைப் பார்த்தாள், அவள் அண்ணியைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "மச்சான்... வரும்போது தெருவே திரும்பிப் பார்த்துச்சு போல. வண்டிக்கு ஒரு கஷாயம் வச்சுத் தரச் சொல்லவா?"

அசல்காரர் கை தட்டிலேயே நின்றது. பிறகு ஒரு வாய் சோற்றை எடுத்து நிதானமாக மென்றார். கண் ஓரம் பளபளத்தது.

"ஏழு வருஷ பாக்கி இருக்கு மாப்ள" என்றார். "இன்னும் சொல்லு."