மலைமேல் அவர் பேரைச் சொன்ன சாயங்காலம்

மலையில் என் வீட்டுக்காரரைக் காணோம் என்று எனக்குத் தெரிந்தபோது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. அவருடைய சர்க்கரை மாத்திரை, பிஸ்கட், கருப்பட்டி மிட்டாய் எல்லாம் என் தோள்பையில் இருந்தன. அவர் மட்டும் இல்லை.

அம்மனை நம்பியிருக்கும் அக்கா தங்கச்சிகளே, அண்ணாச்சிமார்களே, எனக்கு அழகாக எழுத வராது. குத்துக்கல்வலசையில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அந்த நீள வாயில் ஒரு சொல் மட்டும் வராமலே இருந்தது. அது வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். போன தை மாதத்தில் நடந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'மிலிட்டரி'தான். நான் 'என்னங்க' என்பேன். கோபம் வந்தால் 'இந்தாருங்க'. பேர் சொல்ல மாட்டேன். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லியே எங்களை வளர்த்திருக்கிறார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். பேங்கில் கேட்டால் மகளைச் சொல்லச் சொல்வேன். அவர் பேரில் இருக்கிற சாமியின் கோயிலைக்கூட 'அந்தக் கோயில்' என்றுதான் சொல்வேன். "எம்மா, நீ எந்தக் காலத்துல இருக்க?" என்று மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும், எனக்கு என் தாலி பெரிசு.

அவருக்குச் சர்க்கரை வந்து சில வருஷமாகிறது. ஊசி போட்டுக்கொள்கிறார். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தவறினால் வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். ஆலங்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி பிந்தி, அப்படியே சரிந்துவிட்டார். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கே போனாலும் இனிப்பு என் பையில்தான் இருக்கும். அவர் சட்டைப்பையில் வைத்தால் தெரு முக்குத் தாண்டுவதற்குள் தின்றுவிடுவார்.

குற்றாலத்து மலையில், செண்பகாதேவி அருவியையும் தாண்டி மேலே போனால் ஒரு கிராம்புத் தோட்டம். அதற்கும் மேலே பாறையடியில் எங்கள் அம்மன். கோபுரமோ மண்டபமோ கிடையாது. ஒரு கல், அதன்மேல் மஞ்சள், அவ்வளவுதான். வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை போவோம். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. கிராம்பு காயப்போடுகிற தகரக் குடிலில் இரவு தங்கி, விடிந்ததும் அம்மனைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

எங்களைக் கூட்டிப் போகிறவரைக் குருசாமி என்போம். ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். மலை ஏறத் தொடங்கிவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆணோ பெண்ணோ எல்லாரும் 'சாமி'. மலையில் பேரைச் சொல்லலாம் என்கிற இடம் ஒன்றே ஒன்று, அம்மனுக்கு முன்னால். நடுக்காட்டில் சொன்னால் காடு அந்தப் பேரைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கு இந்தக் கட்டுப்பாடு ரொம்ப வசதி. ஊரில் நான் படும் பாட்டை அங்கே எல்லாரும் படுவார்களே!

அன்றைக்கும் வரிசையாக ஏறினோம். முன்னால் போகிறவர் 'சாமி' என்றால் பின்னால் வருகிறவர் 'சாமி' என்பார். ஆள் வருகிறதா என்று நாங்கள் தெரிந்துகொள்வது அப்படித்தான். மத்தியானத்துக்கு மேல் புகை மாதிரி மஞ்சு இறங்கியது. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து இவர், "நீ போய்க்கிட்டே இரு. பூட்ஸ் கயித்தக் கட்டிட்டு வாரேன்" என்றார்.

"சீக்கிரம் வாங்க, மஞ்சு அடைக்குது" என்றேன்.

"நான் பாக்காத மஞ்சா? காஷ்மீர்ல பனிக்குள்ள நின்னவன் நான்" என்றார். அந்தக் காஷ்மீர்க் கதையை என் கழுத்தில் தாலி ஏறிய நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி என்று நடந்தேன்.

கொஞ்சம் போய்த் திரும்பி, "பின்னால சாமி வருதாரா?" என்று சத்தம் கொடுத்தேன். "சாமி வருதாரு!" என்று பதில் வந்தது. நிம்மதியாக ஏறினேன். எல்லாரும் சாமி என்றால் எந்தச் சாமி வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? அதைக் கேட்கிற புத்தி அப்போது யாருக்கும் இல்லை.

குடிலுக்குள் கிராம்பு வாசம் கும்மென்று இருந்தது. ஆளாளுக்குப் பையை இறக்கிவிட்டுச் சுக்குக்காப்பிக்கு அடுப்பு மூட்டினார்கள். நான் பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டு அவரைத் தேடினேன். கடைசியாக வந்த ஆளுக்குப் பின்னால் மஞ்சுதான் இருந்தது. என் பக்கத்து வீட்டுக் கோமதி, "உங்க கூடத்தான வந்தாரு?" என்றாள். குருசாமி முகம் மாறிவிட்டது.

போனில் டவர் இல்லை. குருசாமி ஆட்களைப் பிரித்து அனுப்பினார். கோமதியும் நானும் அவர்கூடவே வந்த வழியே இறங்கினோம். "சாமி! சாமி!" என்று கத்தினோம். பதில் வராமல் இல்லை. எல்லாப் பக்கமும் 'சாமி' என்று வந்தது. தேடப் போனவர்கள் குரல், குடிலில் நின்றவர்கள் குரல், பாறையில் பட்டுத் திரும்பிய எங்கள் குரல். ஒரு குரல் கேட்டு ஓடினால் அங்கே எங்கள் ஆளே நின்று, "சாமி கெடச்சாரா?" என்று எங்களைக் கேட்டார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவர் காலையில் ஊசி போட்டவர். மத்தியானம் அரை வயிறு சாப்பிட்டவர். இருட்டிவிட்டால் அந்தச் சரிவில் யாரும் தேட முடியாது.

எனக்கு நடக்க முடியவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வந்தது. அம்மனிடம் சண்டை போடுகிறவள் போலத்தான் கும்பிட்டேன். "தாயே, உன்னப் பாக்கத்தான வந்தோம். வந்த எடத்துல இப்படிப் பண்ணலாமா? நான் கூப்பிட்டா ஊரே பதில் சொல்லுது, அவரு சொல்லல. எனக்கு இனி ஒரே வழிதான் இருக்கு. பேரச் சொன்னா குத்தம்னா அந்தக் குத்தத்த எந்தலையில போடு. ஆயுசு கொறையணும்னா என் ஆயுசக் கொற. அவர எங்கிட்டக் குடுத்துரு."

அப்போது ஒன்று நடந்தது. நான் கூட்டிச் சொல்லவில்லை, கோமதியைக் கேட்டாலும் சொல்வாள். அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சிள்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. யாரோ கேட்கக் காத்திருக்கிற மாதிரி அத்தனை அமைதி. என் கை தானாகக் குவிந்தது.

எழுந்து நின்று, வயிற்றில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"சுடலைமுத்தூ!"

வாழ்க்கையில் முதல் தடவை. பேர் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. என் புருஷன் பேரை அந்த மலையே சொல்லிச் சொல்லி அடங்கியது. காடு பேரைப் பிடித்துக்கொண்டதோ என்று நடுங்கிப் போனேன்.

எங்களுக்குக் கீழே, கிட்டத்தில், ஒரு குரல் குழறியது. "ஏட்டி... இங்கன இருக்கேன்..."

ஓடினோம். மஞ்சு விலகிற்று. திரைச்சீலையை இழுத்த மாதிரி ஒரே பக்கமாக விலகிற்று. ஒரு பாறைத் திட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் காலுக்கு அப்பால் பூமி இல்லை. கீழே, ரொம்பக் கீழே, மலையின் நிழல் தென்காசிக் கோபுரத்தைத் தாண்டி விழுந்து கிடந்தது. நிழலுக்கும் அப்பால் ஆலங்குளம் பக்கம் இன்னும் வெயில் அடித்தது. குளங்கள் மின்னின, காற்றாலைகள் சுற்றின. அத்தனை அழகை நான் பார்த்ததே இல்லை. அந்த அழகுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம் பாறைதான் இருந்தது. குருசாமி பின்னாலிருந்து அவர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கருப்பட்டி மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் வைத்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும் சொன்னார். கயிறு கட்டி நிமிர்வதற்குள் பாதை மறைந்துவிட்டதாம். 'சாமி' என்று கேட்ட பக்கமெல்லாம் நடந்திருக்கிறார். இவரும் 'சாமி' என்று பதில் சொல்லியிருக்கிறார். அதை எங்கள் ஆள் குரல் என்றே நாங்கள் விட்டிருக்கிறோம். கடைசியில் 'சாமி' நேர் முன்னாலிருந்து வந்திருக்கிறது. எதிர்ப்பாறையில் பட்டு வந்த சத்தம் அது. கண் இருட்டிக்கொண்டு வர, அதைப் பார்த்து அடி எடுத்து வைக்கக் காலைத் தூக்கினாராம்.

"அப்பதான் முதுகுக்குப் பின்னால பேர் கேட்டுது. எங்கம்ம போனதுக்கப்புறம் அந்தப் பேரச் சொல்லி என்னக் கூப்ட ஆளே கெடையாதே! திரும்பிப் பாத்தேன், காலு மடங்கி அப்படியே உக்காந்துட்டேன்." பிறகு, "ஏட்டி, நெசமா நீயா கூப்ட்ட?" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

குடிலுக்குக் கொண்டுவந்து கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தோம். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்கு மட்டும் பயம் விடவில்லை. விடிந்ததும் குருசாமியிடம் போனேன். "சாமி, கட்டுப்பாட்ட மீறிட்டேன். அம்மன் முன்னால மட்டும் சொல்ல வேண்டியத நடுக்காட்டுல சொல்லிட்டேன். பரிகாரம் உண்டா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அம்மன் முன்னாலதான சாமி சொல்லியிருக்கீங்க" என்றார்.

எங்கேயோ மேலே கல்லாக இருக்கிறாள், நாம்தான் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவளோ நான் உட்கார்ந்த பாறைக்கே இறங்கி வந்து, என் எதிரே நின்று, என் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்.

அன்று காலை அம்மனுக்கு மஞ்சள் சாத்திவிட்டு, குருசாமி ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டார். மற்ற வருஷங்களில் என் வீட்டுக்காரர் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்வார். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமதி என் விலாவில் இடித்தாள். நானே சொன்னேன். சத்தம் நன்றாகவே வந்தது.

இப்போதும் வீட்டில் 'என்னங்க'தான், பழக்கத்தை விட முடியுமா? ஆனால் சாயங்காலம் விளக்கேற்றும்போது மட்டும் அவர் பேரைச் சொல்லித்தான் கேட்கிறேன். முன்பெல்லாம் 'எல்லாரையும் நல்லா வைம்மா' என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு மாவரைக்க ஓடுகிறவள் நான். பொதுவாகக் கேட்டேன், பொதுவாகப் போயிற்று. உங்களுக்கும் மனசுக்குள்ளே சொல்லப் பயப்படுகிற பேர் ஒன்று இருக்கும். ஆளோ, நோயோ, கவலையோ, எதுவானாலும் சரி. அவள் சன்னதிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே, வாயைத் திறந்து, அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவள் எதிரேதான் நிற்கிறாள்.

அடுத்த அறையில் அவர் காஷ்மீர்க் கதையை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும் தாயே, இன்னும் நூறு தடவை சொல்லட்டும், நான் கேட்கிறேன்.