என் இரண்டு கமிட்டும் ஊர்ப் பட்டியலும்

பின்லாந்து அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் பேசுவதில்லை, செய்தி அனுப்புகிறார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் மர்யா உட்கார்ந்திருப்பாள், அவள் சொல்ல நினைப்பது என் திரையில் வந்து விழும். நாலு வருடமாகியும் எனக்கு இது கனவுக்குள் பேசிக்கொள்வது போலத்தான் இருக்கிறது. அன்றும் அப்படித்தான் வந்தது: "பொது பிராஞ்சை ரீபேஸ் செய்துவிட்டேன்." நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் நிரலின் மாற்றங்கள் வரிசையாக நிற்கும் கிளைதான் பிராஞ்ச்; அதன் வரலாற்றையே வேறு அடித்தளத்தின் மேல் புதிதாக எழுதிவிட்டாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, பழக்க தோஷத்தில், பொதுவில் இருப்பதை என் கணினிக்கு இழுக்கும் 'கிட் புல்' கட்டளையை அடித்தேன். என்னிடம் இருந்த பழைய வரலாறும் அவளுடைய புதியதும் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு மாற்றமும் இரண்டிரண்டாக நின்றது. அந்தக் கூட்டத்தில், யாருக்கும் இன்னும் அனுப்பாத என் மூன்று நாள் உழைப்பும் கிடந்தது: பெயரும் நாளும் போட்டுப் பதிந்த மாற்றங்கள், இரண்டே கமிட்.

நடந்ததை அவளுக்கு எழுதினேன். "உன் பிராஞ்சைத் தூக்கிப் போடு," என்று எழுதினாள். போட்டால் என் இரண்டும் போய்விடும்.

எங்கள் மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில், ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டு எழுதி வைப்போம். பாடு என்போம். புதுப் பட்டியல் எழுதியதும் பழையதைக் கிழித்துவிடுவார்கள். இரண்டும் இருந்தால் ஒரே இடத்தில் இரண்டு படகு நிற்கும், அப்புறம் கைகலப்புதான். இதைப் பார்த்து வளர்ந்தவன்தான் இரண்டையும் ஒட்டி வைத்தேன். கிழிபட்டதில் இருந்த பெயர் புதியதில் வராமல் போவதும் உண்டு. போன மாதம் என் பெயர் போனது. அண்ணன் போனில் சொன்னான்: "நைனா பேரும் என் பேரும் இருக்குதுடா. நீ ஊர்லயே இல்ல, உன் பேரு இன்னாத்துக்குனு ஊர்ல கேட்டாங்க. நான் இன்னா சொல்றது?"

அதனால் கை ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரி. அதன் மேல் ஒருவர் நாயோடு மெதுவாக நடந்து போனார். எந்தத் தண்ணீரின் கரையில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

மர்யா எழுந்து வந்தாள். "எதற்குப் பயப்படுகிறாய்? முதலில் உன்னிடம் இருப்பதை வேறு பெயரில் பத்திரப்படுத்து. பிறகு உன் பிராஞ்சைப் புதியதைப் போலவே ஆக்கு. கடைசியில் உன் இரண்டு கமிட்டை மட்டும் எடுத்து அதன் மேல் வை."

ஐந்து நிமிட வேலை. என் இரண்டும் வரிசையின் நுனியில் நின்றன: என் பெயர், நான் எழுதிய அதே நாள், அடையாள எண் மட்டும் புதிது. சந்தோஷத்தில் கண் கலங்கியது. "பழைய நகலை இனி அழித்துவிடலாம்," என்றாள்.

அன்று மாலை அண்ணனைக் கூப்பிட்டேன். "நான் திரும்பி வந்தா, ண்ணா?"

"வந்தா கடைசில எழுதிக்கலாம்னு சொல்றாங்கடா. வருவியா?"

மூன்று வாரமாகிறது. என் கணினியில் இரண்டு பிராஞ்சும் இருக்கின்றன. புதியதில் தினமும் வேலை செய்கிறேன். பழையதை அழிக்கவில்லை; அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவும் இல்லை.