முதுகு மட்டும் தெரியும் படங்கள்: ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு

அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அவளுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. நான் சிறுவயதிலேயே கொழும்புக்குக் கடை வேலைக்கு வந்துவிட்டவன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது புறக்கோட்டையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களை ஒருவர் படம் பிடித்து வைத்திருக்கிறார், அதில் உன் அம்மாவும் இருக்கிறாள் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 1962 தைப்பொங்கல் முடிந்த சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலை ரயில். மூன்றாம் வகுப்புச் சீட்டு ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், பள்ளத்தாக்கெல்லாம் அந்தப் பக்கம்தான். நான் இடது பக்கம் உட்கார்ந்து பாறையைப் பார்த்துக்கொண்டே போனேன். வட்டவளையில் குளிர் உள்ளே புகுந்தது. ஹட்டனில் இறங்கும்போது உச்சிப்பொழுது, தூறல் வேறு.

படக்காரரை முனியாண்டி அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார், நானாவின் லொறியை ஓட்டுகிறார். அதற்கு முன் எங்கள் தோட்டத்துத் துரைக்கு டிரைவர். துரை வேண்டாமென்று கழித்துவிட்ட பெட்டிக் கேமராவில்தான் வேலைநிறுத்தத்தைப் படம் பிடித்திருக்கிறார். அதற்காகப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு நீக்கி, தோட்ட எல்லைக்குள் காலே வைக்கக் கூடாது என்று துரத்திவிட்டார்கள். பத்து வருடமாகியும் அந்தத் தடை நீங்கவில்லை.

படங்கள் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் இருந்தன. மழைக்காலப் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல காப்பு கிடையாதாம். தோட்ட நிர்வாகம் அரிசி கொடுப்பதை நிறுத்தியபோது எல்லா லயத்து வரிசை வீடுகளுக்கும் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். மரத்தடியில் ஒருவருக்கு ஒருவர் முடி வெட்டுகிறார்கள். பட்டப்பகலில் ஒருவர் வாசலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறார். தோட்டத்தில் பகல் தூக்கத்தை நான் கண்டதே இல்லை, அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு படத்திலும் முகம் இல்லை. எல்லாம் முதுகு.

"கண்டாக்கு பார்த்தேன்னு சொன்னா, நாங்க இல்லைன்னு சொல்லிக்கலாம் தம்பி. போட்டோவுல மூஞ்சி இருந்துச்சுன்னா அப்படிச் சொல்ல முடியாதுல்ல?" என்றார் அண்ணன். கண்டாக்கு என்றால் தேயிலை மலையில் வேலை வாங்கும் உத்தியோகத்தர்.

மலைக்குப் போகும் பாதையை மறித்துப் பெண்கள் கம்பளி போர்த்தி நிற்கும் படம் வந்தது. நடுவில் அம்மா. அண்ணன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தைக்கு அந்த முதுகின் பின்னால்தானே ஓடியிருக்கிறேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் நான் தேடி வந்தது முகத்தை.

படத்தைக் கேட்டேன். அவர் தயங்கினார். அதில் நிற்பவர்களில் காமாட்சி என்பவர் இன்னும் அதே தோட்டத்தில் வேலை செய்கிறார், அவர் சம்மதிக்காமல் தர முடியாது என்றார். அம்மாவை மட்டும் வெட்டிக் கொடுங்களேன் என்று கேட்டேன். எனக்கு எப்போதுமே அவசரம்.

"சேர்ந்து நின்னவங்கள நான் எப்படி வெட்டுறது?" என்றார். காமாட்சியின் வீடு எந்த லயத்தில் என்று கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை பொகவந்தலாவை பஸ். பதினாறு மைல் இருக்கும், ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்த வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். பஜாரில் இறங்கி இரண்டு மைல் ஏற்றம். நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். நிற்காமல் கடந்து, காமாட்சி அத்தையின் வாசலுக்குப் போனேன். யார் மகன் என்று சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் விஷயத்தையே கேட்டார்.

படத்தைப் பற்றிச் சொன்னேன். அத்தை இதுவரை அதைப் பார்த்ததே இல்லை. அம்மாவின் முகம் தெரியவில்லை என்று குறைபட்டேன்.

"எப்படித் தெரியும்? யாரும் திரும்பக் கூடாதுன்னு சொன்னதே உங்கம்மாதான். அந்த நேரம் பார்த்து, எதிர்ல எங்கள வெரட்ட வந்த கண்டாக்கு கேமராவைக் கண்டுட்டாரு. தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு, நெஞ்ச நிமித்திக்கிட்டு போட்டோவுக்கு நின்னாரு பாருங்க. நாங்க அவர மறைச்சுக்கிட்டு நிக்கிறோம்ங்கிறதே அவருக்கு நெனப்பில்லை. உங்கம்மாவுக்குச் சிரிப்பு அடங்கல. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா."

அத்தை சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். பிறகு, படத்தை எடுத்துப் போகச் சொன்னார். அடுத்த முறை வரும்போது தனக்கும் அதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மாலையில் ஹட்டன் திரும்பி அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவருக்கும் அது புதிது. பெட்டிக் கேமராவைக் குனிந்தல்லவா பார்க்க வேண்டும், எதிரே நடந்தது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அந்தக் கண்டாக்குதான் அவரைக் காட்டிக்கொடுத்து வேலையைப் பறித்தவர். "அப்ப ஜோராத்தான் நின்னிருக்காரு," என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படத்தைத் துணியில் சுற்றித் தந்தார். நான் அவர் காலைத் தொடப் போனேன், விடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பஸ்ஸுக்குத் தொண்ணூறு சதம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். தையில் குளிர் கடுமை, கம்பளி இல்லாமல் போகாதீர்கள். நானாவின் கடை எந்தத் தெருவில் என்று நான் எழுதப்போவதில்லை. தோட்டத்தில் உறவு இருந்தால் வழியும் கிடைத்துவிடும். படத்தைக் கேட்பதற்கு முன் அதில் நிற்பவர்களைக் கேளுங்கள். அலைச்சல்தான், ஆனால் அந்த அலைச்சலுக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். அண்ணன் கேட்டவுடனே படத்தைத் தந்திருந்தால் முதுகோடு திரும்பியிருப்பேன்.

இப்போது அது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. முகமே தெரியவில்லையே என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அம்மா அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்கிறேன்.