கோப்பாயில் கேற், கனடாவில் திறப்பு

இன்று காலை எங்கள் ஒழுங்கையில் கறண்ட் இல்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மாமாவுக்கு நெஞ்சு வலி. அம்புலன்ஸ் வந்து வாசலில் நிற்கிறது, கேற் திறக்கவில்லை.

கனடாவில் இருக்கும் அவரின் மகன் போட்டுக்கொடுத்த, போனில் அமத்தினால் திறக்கும் தானியங்கிக் கேற். கறண்ட் போனால் கைகொடுக்க வேண்டிய பற்றறி செத்து எத்தனையோ மாதம்.

மதிலில் பதித்த போத்தல் ஓடுகளுக்கு மேல் சாக்கை விரித்து உள்ளே குதித்தேன். மாமி போனில் மகனிடம் அழுதுகொண்டிருந்தார்.

"தம்பி, கேற்றைத் திறவடா! அப்பாவுக்கு ஏலாமக் கிடக்கு!"

"நானும் இஞ்சை இருந்து அமத்திக்கொண்டுதான் இருக்கிறன் அம்மா!"

நான் போனை வாங்கினேன். "அண்ணை, கையாலை திறக்கிறதுக்கு மோட்டரிலை போட்டுத் திருப்பிற திறப்பு ஒண்டு தந்திருப்பாங்களே, அது எங்கை?"



"அது என்னட்டை இருக்கு. அம்மா துலைச்சுப் போடுவா எண்டு கொண்டு வந்திட்டன்."

ஆறு பேர் சேர்ந்து மாமாவை ஸ்ட்ரெச்சரோடு மதிலுக்கு மேலால் தூக்கினோம். சாக்குக்குக் கீழே போத்தல் ஓடு நொறுங்கியது. "மாமா, கதையுங்கோ, கதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கதைக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி வாட்டில் கண் விழித்துவிட்டார். பயமில்லையாம்.

நான் ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்போது கறண்ட் வந்திருந்தது. கேற் ஆவென்று திறந்து கிடந்தது. அண்ணை அங்கிருந்து அமத்துவதை இன்னும் விடவில்லைப் போல.

அது சரி, உங்கள் வீட்டுக் கேற் திறப்பு எந்த நாட்டில் இருக்கிறது?