மூன்று டிஸ்க் போதும்

தெப்ராவில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு வருடம் டிஸ்குகளைச் சோதித்துப் பார்த்தவள் ஷர்மைன். தொழிற்சாலையை மூடியதும் கூட வேலை செய்தவர்கள் பலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். அவள் பத்து பகாட் ஊருக்குக் குடிவந்து, கிளினிக்குகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுத்தாள். லினக்ஸைத் தானாகவே படித்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில், ஷர்மைன் கை வைத்தால் சரியாகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை அவளும் மறுத்ததில்லை.

காது கேளாதோர் சங்கம் சைகை மொழி வீடியோக்களைச் சேர்த்து வந்தது. அவற்றை வைக்க நான்கு யூஎஸ்பி டிஸ்குகளை ஒரே ரெய்டு தொகுப்பாகக் கோத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றும் சேர்ந்து எல்லா வீடியோவையும் காப்பாற்றும். இரண்டு போனால்தான் வம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வம்பு வந்தது. சங்கச் செயலாளர் லோகேஸ்வரன் போன் செய்தான்.

“அக்கா, மேசைய நகர்த்துறப்போ வயர் கழண்டுடுச்சு. திரும்ப சொருகிட்டேன், வீடியோ ஒன்னும் தொறக்கல. கம்ப்யூட்டர் கடைக்காரரு புதுசா ரெய்டு போட்டுடலாங்கிறாரு.”

“அலமாக்! அழிஞ்சிடும் லா. யாரும் கை வைக்காதீங்க, வந்துட்டேன்.”

அவள் போனபோது தையல்காரி ராசம்மாவும் அங்கே இருந்தாள். காது கேளாதவள். தையல் வேலைக்கான சைகைகளை மூன்று நாள் கேமரா முன் செய்து காட்டி, போன வாரம்தான் முடித்திருந்தாள். ஷர்மைனைக் கண்டதும் அவள் கைகள் வேகமாகப் பேசின.

“போனா போகட்டும், திரும்ப எடுக்கலாமாம். அன்னிக்கு போட்டிருந்த பிளவுஸ் சரியில்லையாம்” என்று லோகேஸ்வரன் சொன்னான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

கழற்றிச் சொருகினால் லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயர்கள் மாறிவிடும். அதனால் ஷர்மைன் வரிசை எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டாள். எதுவரை எழுதப்பட்டது என்ற கணக்கை ஒவ்வொரு டிஸ்கும் தனக்குள் வைத்திருக்கும். இரண்டு டிஸ்குகளில் அது ஒரே எண்ணாக இருந்தது. வயர் கழன்ற டிஸ்க் இரண்டே எண் பின்தங்கியிருந்தது. நான்காவதோ ஆயிரக்கணக்கில் பின்னால்.

“இது மூனு வாரமா வேலையே செய்யல, லோகேஸ்.”

“ஒரு டிஸ்க் நின்னா மெயில் வரும்னு சொன்னீங்களே?”

எந்த முகவரிக்கு என்று தேடிப் பார்த்தாள். யாரும் திறக்காத பழைய முகவரி.

“என் தப்புதான். மாத்தாம விட்டுட்டேன்” என்றாள்.

“நாலையும் சேர்த்தா நல்லதில்லையா, அக்கா?”

“பழசும் புதுசும் கலந்துச்சுன்னா வீடியோ கொத்துபரோட்டா ஆயிடும். மூனு டிஸ்க் போதும்.”

நான்காவதைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தாள். மற்ற மூன்றையும் கட்டாயமாகச் சேர்க்கும்படி கட்டளை கொடுத்தாள். நான்கில் மூன்று ஓடுகின்றன என்று திரையில் வந்தது. தவறிக்கூட எதுவும் எழுதப்படாதபடி, படிக்க மட்டும் திறந்தாள்.

திரையில் ராசம்மா ஒரு சட்டைக் கையை உடம்போடு இணைக்கும் சைகையைச் செய்தாள். லோகேஸ்வரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

முதல் வேலையாக எல்லாவற்றையும் புது டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தாள். சாயங்காலம் ஆனது. “ரெய்டு வேற, காப்பி வேற. இத ஆயர் ஈத்தாம்ல இருக்கிற உங்க தலைவர் வீட்டுல வைங்க” என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிறகே நான்காவதைச் சோதித்து, அதில் இருந்த பழையதை அழித்துச் சேர்த்தாள். அது நிரம்ப மறுநாள் மத்தியானம் ஆயிற்று. எச்சரிக்கை இனி தன் கைப்பேசிக்கும் லோகேஸ்வரன் கைப்பேசிக்கும் வரும்படி மாற்றினாள்.

வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு வயரைப் பிடுங்கினாள்.

“அக்கா!” என்று லோகேஸ்வரன் அலறினான். சிறிது நேரத்தில் இரண்டு கைப்பேசிகளும் ஒலித்தன.

ஷர்மைன் கடிகாரத்தைப் பார்த்தாள். “நாப்பது செகண்டுல வந்துடுச்சு. பரவாயில்ல” என்று வயரைத் திரும்பச் சொருகினாள்.